பிழைத்தவை

ஜேம்ஸ்டவுனில், நூலகத்தின் பின்னறையில்
எனக்கு மூன்று மாத ஒப்பந்தம்.
வனத்துறையின் பழைய ஆண்டறிக்கைகளைக்
கணினிக் கட்டங்களில் ஏற்ற வேண்டும்.
நட்டவை, பட்டவை, பிழைத்தவை
என்று எனக்குள் தலைப்பிட்டுக்கொண்டேன்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு.
தெற்கு ஆஸ்திரேலியக் காலனி நம்பிக்கொண்டிருக்கிறது:
மரம் வைத்தால் மழை வரும்.
இதன் நகல் மழைக்கு அனுப்பப்பட்டதாகக்
குறிப்பேதும் இல்லை.

நாற்றங்கால் மேஸ்திரி ஈனாக் ட்ரெவேனியன்,
செம்புச் சுரங்கம் மூடியதும் மரத்துக்கு வந்தவன்.
மூங்கிலைக் கணுக்கணுவாக அறுத்து
ஒவ்வொரு குழலிலும் ஒரு யூகலிப்டஸ் கன்று.
'குழலோடு குழியில் இறக்கினால்
வேருக்கு வலிக்காது' என்று
தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறான்.
வலி என்ற சொல்லை அங்கே யாரும் அடிக்கவில்லை.
மற்றதையெல்லாம் அடித்தார்கள்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்போம்.
வைத்தது அரசாங்கம்.
ஊற்றியது தேர்சா, மேஸ்திரியின் மனைவி,
ஓடைக்கும் மேட்டுக்குமாக, தோள் நுகத்தில் இரண்டு வாளி.
சம்பளப் பட்டியலில் அவள் இல்லை.
எண்பத்தொன்று பிப்ரவரியில் ஒரே ஒரு வரி:
'வாளி பழுதுபார்த்த வகையில் ஒன்பது பென்ஸ்.'
அந்த வரியில் சற்று நேரம் நின்றேன்.

பட்டதற்குக் காரணம் எழுத ஒரு பத்தி:
முயல். வெட்டுக்கிளி. வடக்கிலிருந்து அனல்காற்று.
பக்கத்துக் குத்தகைக்காரரின் ஆடுகள்.
(அவர் சட்டசபை உறுப்பினர்.
ஆடுகளை அடித்து மேலே 'வறட்சி' என்று திருத்தம்.)

அந்த ஆண்டு நட்டவை 41,200.
பட்டவை 31,890.
பிழைத்தவை 9,310 என்று மேஸ்திரியின் சாய்ந்த எழுத்து.
கண்காணிப்பாளர் சிவப்பு மையில்
முன்னால் ஓர் இரண்டை நட்டார்.
அது மட்டும் தண்ணீரில்லாமல் பிடித்துக்கொண்டது.
29,310 அச்சேறியது,
சபையில் வாசிக்கப்பட்டது,
மேசைகளைத் தட்டியிருப்பார்கள்.

பிறகு கலிபோர்னியாவிலிருந்து பைன் வந்தது.
கேள்வி கேட்காமல் நேராக வளர்ந்தது.
நேராக வளர்வதை எந்த அரசாங்கத்துக்குத்தான் பிடிக்காது?
பழப்பெட்டி ஆனது, கூரைச் சட்டம் ஆனது,
'முன்னேற்றம்' என்ற தலைப்பில் ஒரு முழு அத்தியாயம் ஆனது.
ட்ரெவேனியனின் பெயர் அதற்குள் நின்றுவிட்டிருந்தது.
எங்கே போனான் என்று எழுத அங்கே பத்தி இல்லை.

அதே துறை, அதே ஆண்டுகள், வேறொரு நோட்டு:
ரயில் பாதைக்கு வெட்டிய செம்மரக் கட்டைகள், வண்டி வண்டியாக.
அதை ஏற்றச் சொல்லி ஒப்பந்தத்தில் இல்லை.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்
'நீர்நிலை காட்டியவர், ஒருவர், இரண்டு நாள்.
மாவு நான்கு பவுண்டு.'
பெயர் எழுத வேண்டிய இடம் வெள்ளை.

அரிச்சுவடியில் ங எழுதிப் பழகினேன்.
வளைத்து வளைத்துச் சிலேட் நிறைய.
அதில் தொடங்கும் ஒரு சொல்
நாற்பது வயதுவரை எனக்குத் தேவைப்படவில்லை.
இங்கே வந்து தேவைப்பட்டது:
ஙட்ஜுரி.
இந்தக் குன்றும் ஓடையும் எவருடையதோ
அவர்களின் பெயர்.

மேலாளர் கிளெனிஸ் எட்டிப் பார்த்தார்.
"அச்சில் உள்ளதைப் போட்டால் போதும், வாணி."
போட்டேன்.
பக்கத்திலேயே சாய்ந்த எழுத்தின் 9,310ஐயும் போட்டேன்.
கூட்டல் உதைத்தது.
கட்டத்தின் மூலையில் சின்னதாய் ஒரு சிவப்பு முக்கோணம்:
பிழை.

நானும் இங்கே பிழைக்க வந்தவள்தான்;
ஒப்பந்தம் இன்னும் பதினொரு நாள்.
முக்கோணத்தை அழிக்காமல்
கோப்பைச் சேமித்தேன்.

வெளியே பைன் ஏற்றிய லாரி திரும்பியது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
பிசின் வாசனை, அறைக்குள்,
வெகுநேரம்.